ஹைட்ரா இல்லாமல் விண்டர் சோல்ஜரை எடுத்திருக்க முடியுமா?

பழையரீல்:

2014-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்' பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், "அது சூப்பர்ஹீரோ படமே இல்லைங்க, எழுபதுகளின் அரசியல் சதித் திரில்லர்" என்று ஆரம்பித்துவிடுகிறார். இயக்கிய ரூசோ சகோதரர்களே அந்த நேரத்துப் பேட்டிகளில் 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டோர்' (1975), 'தி பாரலாக்ஸ் வியூ' (1974) என்று பெயர் சொல்லிக் கடனை ஒப்புக்கொண்டவர்கள்தான். போதாததற்கு, காண்டோரில் சொந்த அலுவலகமே வேட்டையாடிய ராபர்ட் ரெட்ஃபோர்டைக் கூட்டிவந்து, இங்கே வேட்டையை நடத்தும் பெரிய அதிகாரி அலெக்சாண்டர் பியர்ஸ் ஆக்கினார்கள். அந்தத் தேர்வுக்கு மட்டும் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

என் சண்டை வேறு. அந்தப் பழைய படங்களில் வயிற்றைக் கலக்குவது எது? யாரை அடிப்பது என்றே தெரியாத நிலைமை. காண்டோரில் ரெட்ஃபோர்டுக்கு வேலை, சி.ஐ.ஏ.வுக்காக உட்கார்ந்து நாவல்களும் பத்திரிகைகளும் படிப்பது. மதியச் சாப்பாடு வாங்கப் போய்த் திரும்பினால் அலுவலகத்தில் எல்லோரும் பிணம். தோண்டிப் பார்த்தால் சி.ஐ.ஏ.வுக்குள்ளேயே இன்னொரு சி.ஐ.ஏ. காரணம் எண்ணெய் வயல்கள். கடைசிக் காட்சியில் எதிரே நிற்கும் அதிகாரி கொஞ்சமும் கூசவில்லை. நாளைக்கு எண்ணெயும் உணவும் தட்டுப்பட்டால், எப்படியாவது கொண்டுவா என்று மக்களே எங்களிடம் சொல்வார்கள் என்கிறார். அவர் எங்கிருந்தோ ஊடுருவியவர் இல்லை. அமைப்பே அவர்தான்.

விண்டர் சோல்ஜரில் நடப்பது கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை. உழைத்துக் கட்டிய ஷீல்ட் என்ற உளவு அமைப்பு பாவம், ரகசியமாக உள்ளே வந்த நாஜிக் காலத்து ஹைட்ரா கூட்டம் பாவி. பாம்பை அடித்துவிட்டால் பார்க்கிறவன் மனது லேசாகிவிடும். அரசாங்கத்தின் மேல் வந்த சந்தேகத்தை நாஜிகளின் கணக்கில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஹைட்ராவை எடுத்துவிட்டு, ஷீல்டே தன் சொந்தப் புத்தியில், நல்லெண்ணத்தோடு, அந்த மூன்று பறக்கும் போர்க்கப்பல்களைக் கிளப்பி ஆட்களைக் கொல்வதாகக் கதை சொல்ல மார்வெலுக்குத் தைரியம் இருந்திருக்குமா?

சும்மாவந்தவன்:

தலைவரே, பாப்கார்ன் சாப்பிடப் போன இடத்தில் அரசியலமைப்புச் சட்டத்தைத் தேடுகிறீர்கள். 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். கெட்டவன் யார் என்று தெரியாமல் ரசிகனை வெளியே அனுப்பினால் அடுத்த பாகத்துக்கு எவன் வருவான்?

காமிக்ஸ்பெட்டி:

பழையரீல் அண்ணே, உவமை நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பாம்பு தானாகக் குடிபுகவில்லை, பால் வைத்துக் கூப்பிட்டார்கள். லீஹை என்ற பழைய ராணுவ முகாமின் நிலவறைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். ஹைட்ராவின் விஞ்ஞானி அர்னிம் ஜோலா ஷீல்டுக்குள் எப்படி வந்தார் என்பதற்கு, கேப்டனோடு வரும் உளவாளி நட்டாஷா சொல்லும் பதில் ஆபரேஷன் பேப்பர்கிளிப். இது திரைக்கதையாளர் கற்பனை இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1,600-க்கும் மேற்பட்ட ஜெர்மன் விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் அமெரிக்கா தன் நாட்டுக்குக் கொண்டுபோன நிஜத் திட்டம். ஹிட்லருக்கு வி-2 ஏவுகணை செய்துகொடுத்த வெர்னர் வான் பிரவுன் அப்படி வந்தவர்தான். பிறகு சந்திரனுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டும் அவர் தலைமையில் உருவானது. ஆக ஹைட்ரா வெளியிலிருந்து வந்த பழி இல்லை, 1945-க்குப் பிறகு தெரிந்தே செய்துகொண்ட பேரம் என்று படமே சொல்கிறது. ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது, அதுதான் குறை.

இன்னொன்று. எல்லோரும் சினிமாவிலிருந்து கடன் என்கிறீர்கள். காமிக்ஸில் கேப்டன் அமெரிக்கா இந்த வேலையை 1974-லேயே செய்துவிட்டார். ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதிய சீக்ரெட் எம்பயர் கதை, 175-ஆவது இதழ், அட்டையில் 1974 ஜூலை. ரகசியக் கூட்டத்தின் தலைவனைத் துரத்திக்கொண்டு கேப்டன் வெள்ளை மாளிகைக்குள்ளேயே நுழைகிறார். முகமூடியைக் கழற்றுகிறார். அந்த முகத்தை வாசகனுக்குக் காட்டுவதில்லை, ஆனால் மிக உயர்ந்த பதவியில் இருக்கும் ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். அவன் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொள்கிறான். மனசு விட்டுப்போன கேப்டன் கொஞ்ச நாளில் அந்த உடையையே துறந்து நோமேட் என்ற பெயரில் திரிகிறார். நிஜ ஜனாதிபதி நிக்சன் வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகியது 1974 ஆகஸ்ட் 9. யோசித்துப் பாருங்கள், வாட்டர்கேட் முடியும் முன்பே சின்னப் பையன்கள் வாங்கும் புத்தகத்தில் இது வந்துவிட்டது. ஹைட்ராவும் இல்லை, நாஜியும் இல்லை.

மீரா_எடிட்:

கதையை விடுங்கள், கேமராவைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் கண்ணுக்கு இந்தப் படம் எழுபதுகளின் படம் போலவே இல்லை.

இயக்குநர் ஆலன் பகுலாவின் 'க்ளூட்', 'பாரலாக்ஸ் வியூ', 'ஆல் தி பிரசிடெண்ட்ஸ் மென்' மூன்றுக்கும் ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். அவர் மனிதனைச் சின்னதாக்கிவிடுவார். பிரசிடெண்ட்ஸ் மென்னில் நாடாளுமன்ற நூலகக் காட்சி நினைவிருக்கிறதா? இரண்டு நிருபர்கள் சீட்டுக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கேமரா அவர்கள் தலைக்கு நேர் மேலே ஏறிக்கொண்டே போகும், கடைசியில் அந்த வட்ட மண்டபத்தில் இரண்டு புள்ளிகள்தான் மிச்சம். யாரும் துரத்தவில்லை, துப்பாக்கி இல்லை, ஆனாலும் பயம் வருகிறது. கட்டடமே அவர்களை விழுங்குகிற மாதிரி ஒரு பயம்.

விண்டர் சோல்ஜரில் கையில் பிடித்த கேமரா, நொடிக்கு நொடி வெட்டு. இது 2000-க்குப் பிந்தைய உளவுப் படங்களின் பாணி. சூப்பர்ஹீரோவை அப்படிச் சின்னதாக்கவே முடியாது என்பதுதான் சிக்கல். பத்து மாடி உயரத்திலிருந்து குதித்து எழுந்து ஓடுகிறவனைக் கட்டடம் எப்படி விழுங்கும்?

ஒரே ஒரு இடம் விதிவிலக்கு. கண்ணாடி லிஃப்ட். கேப்டன் ஏறுகிறார். ஒரு மாடியில் நாலு பேர், அடுத்த மாடியில் இன்னும் சிலர். சக ஊழியர்கள்தான், வணக்கம் சொல்கிறார்கள், வேலை பற்றிப் பேசுகிறார்கள். ஒருவன் நெற்றியில் வேர்வை, ஒருவன் கை ஆயுதத்தின் பக்கம். கேப்டனுக்குப் புரிந்துவிட்டது, நமக்கும் புரிந்துவிட்டது, ஆனால் லிஃப்ட் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அடி விழுவதற்கு முந்தைய அந்தச் சில நொடிகள் அசல் பகுலா. அடி விழுந்ததும் மார்வெல். அந்த மாற்றம் எந்த ஃபிரேமில் நடக்கிறது என்று விரல் வைத்தே காட்டலாம்.

பழையரீல்:

மீரா, லிஃப்ட் காட்சி பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. 2019-ல் 'எண்ட்கேம்' அதே லிஃப்டை மறுபடி கொண்டுவந்து என்ன செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேப்டன் உள்ளே வருகிறார், ஒருவன் காதில் ஹைட்ரா வாழ்த்தைச் சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போகிறார், அரங்கமே சிரிக்கிறது. ஐந்தே வருடத்தில் பயம் நகைச்சுவைத் துணுக்கு ஆகிவிட்டது. காண்டோரை வைத்து யாராவது அப்படிச் செய்ய முடியுமா?

காமிக்ஸ்பெட்டி தம்பி, பேப்பர்கிளிப் வசனம் என் பக்கத்துக்குத்தான் வலு. அந்த வசனத்தை விரித்தால் படம் வேறு படமாகிவிடும் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் விரிக்கவில்லை.

எதிர்க்குரல்:

இந்த இழையில் எழுபதுகளுக்குத் தேவைக்கு மேல் பூமாலை விழுகிறது. கொஞ்சம் கழற்றுகிறேன்.

முதலில், அந்தப் படங்கள் எல்லாம் கைவிரித்து முடிகின்றன என்பது பாதி உண்மை. பாரலாக்ஸ் வியூ அப்படித்தான்: வாரன் பேட்டி சாகிறார், கொலைப்பழி அவர் மேலேயே விழுகிறது, இருட்டில் உட்கார்ந்த விசாரணைக் குழு 'தனி ஒருவன் செய்தது' என்று அறிக்கை வாசித்துவிட்டு மறைந்துபோகிறது. ஆனால் இரண்டே வருடத்தில் அதே பகுலா எடுத்த பிரசிடெண்ட்ஸ் மென் எப்படி முடிகிறது? தந்தி இயந்திரம் ஒவ்வொரு குற்றவாளியின் தண்டனையாக அடித்துத் தள்ளி, நிக்சன் ராஜினாமாவில் நிற்கிறது. அமைப்பு ஜெயித்துவிட்டது என்றுதானே அதற்கு அர்த்தம்?

அடுத்து பழையரீல் சாரின் மூலக் கேள்வி. ஹைட்ரா இல்லாத விண்டர் சோல்ஜர் ஏற்கெனவே இருக்கிறது, படத்தின் முன்பகுதிதான் அது! அந்தப் போர்க்கப்பல் திட்டமான ப்ராஜெக்ட் இன்சைட்டைக் கேப்டனுக்குப் பெருமையாகக் காட்டுவது யார்? ஷீல்டின் தலைவர் நிக் ஃபியூரி. ஆபத்து வருமுன்பே ஆளைத் தீர்த்துக்கட்டலாம் என்று விளக்குவதும் அவரே. குற்றத்துக்குப் பிறகுதானே தண்டனை என்று கேப்டன் கேட்பது அவரிடம்தான். அந்தக் கட்டத்தில் ஹைட்ரா என்ற பெயரே வரவில்லை.

இன்சைட் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கவனியுங்கள். வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, ஓட்டுப்போடும் பழக்கம், மின்னஞ்சல், தொலைபேசிப் பேச்சு, பள்ளித் தேர்வு மதிப்பெண் வரை எடுத்து, இவன் நாளைக்கு ஆபத்தாவான் என்று ஒரு கணக்கு முறை முடிவுசெய்யும். பட்டியலில் கெய்ரோவின் தொலைக்காட்சி அறிவிப்பாளரும் உண்டு, பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளையும் உண்டு. 1975-ல் இப்படி ஒரு பயமே கிடையாது. அன்றைக்கு யாரோ ஒரு மனிதன் உட்கார்ந்து சதி செய்ய வேண்டியிருந்தது. ஒபாமா தாமே ஒப்புதல் தரும் கொலைப்பட்டியலைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது 2012 மே. பெயர்கூடத் தெரியாமல், நடமாட்டத்தின் போக்கை மட்டும் வைத்து ட்ரோன் தாக்குதல் நடத்திய காலம் அது. படப்பிடிப்பு தொடங்கியது 2013 ஏப்ரல். அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலமாக்கிய ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவர ஆரம்பித்தது ஜூன். படம் திரைக்கு வந்தபோது எல்லோரும் ஸ்னோடனைப் பார்த்து எழுதிய கதை என்று நினைத்தார்கள். அவருக்கு முன்பே எழுதிவிட்டார்கள். இதைக் கடன் என்று சொல்லாதீர்கள், எழுபதுகளின் படங்கள் தொடாத இடத்தை இது தொட்டிருக்கிறது.

பழையரீல்:

முன்பகுதி பற்றி நீங்கள் சொன்னது இந்த இழையிலேயே நல்ல வாதம். ஆனால் அந்த வாக்குவாதம் என்ன ஆனது? ஃபியூரிக்கும் கேப்டனுக்கும் நடந்திருக்க வேண்டிய சண்டை அது. ஃபியூரியைச் சுட்டுவிட்டார்கள். அதன்பிறகு இன்சைட் என்றால் ஹைட்ரா, எதிர்ப்பவன் நல்லவன். ஃபியூரி எந்த நேரத்திலும் தன் திட்டத்துக்கு வாதாடவே தேவையில்லாமல் போய்விட்டது. இரண்டு நல்ல மனிதர்கள் அந்தக் கப்பல்களுக்காக எதிரெதிரே நின்றிருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டேன்.

சும்மாவந்தவன்:

அப்படிப் பார்த்தால் 'தி டார்க் நைட்'? அதில் ஹீரோவே ஊர் முழுக்க ஒட்டுக்கேட்கிறாரே. அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பீர்களா?

எதிர்க்குரல்:

பாஸ், விளையாட்டாகக் கேட்டாலும் சரியான இடத்தில் கைவைத்தீர்கள். என் கணக்கில் விண்டர் சோல்ஜரைவிட நேர்மையற்ற படம் அதுதான், படமாக்கிய விதத்தில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும்.

கோதம் நகரின் ஒவ்வொரு கைப்பேசியையும் பேட்மேன் ஒலிவாங்கியாக மாற்றிவிடுகிறார். அவருக்குக் கருவிகள் செய்துதரும் லூசியஸ் ஃபாக்ஸ், இது தப்பு, இவ்வளவு அதிகாரம் ஒருவன் கையில் இருக்கக் கூடாது என்கிறார். ஆனாலும் ஒரே ஒரு தடவை உதவுகிறேன் என்று உட்காருகிறார். ஜோக்கர் மாட்டுகிறான். வேலை முடிந்ததும் ஃபாக்ஸ் தன் பெயரைத் தட்டச்சு செய்ய, இயந்திரம் தானே அழிந்துவிடுகிறது. அதாவது ஒட்டுக்கேட்பு தவறு, ஆனால் பலன் தரும், நல்லவன் கையில் இருந்தால் தானாகவே நின்றும்விடும். படம் வந்தது 2008 ஜூலை. அதே மாதம்தான் புஷ், நீதிமன்ற ஆணையில்லாத ஒட்டுக்கேட்புக்கு ஒத்துழைத்த தொலைபேசி நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காப்பாற்றும் சட்டத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார். நிஜத்தில் எந்த இயந்திரமும் தானாக அழிந்த வரலாறு இல்லை.

கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' (1974) பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். அங்கேயும் நாயகன் ஒட்டுக்கேட்கிறவன்தான். கடைசியில் தன்னை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தெரிந்து வீட்டுத் தரைப்பலகை வரைக்கும் பெயர்த்துப் போடுகிறான். கருவி கிடைக்கவே இல்லை.

மட்டுறுத்துனர்:

எல்லாமே பழைய படங்கள் என்றாலும் முடிவைச் சொல்லும் முன் ஒரு எச்சரிக்கை வரி போடுங்கள். இரண்டு பேர் புகார் அனுப்பியிருக்கிறார்கள்.

சும்மாவந்தவன்:

1974 படத்துக்குமா? சரி சரி.

காமிக்ஸ்பெட்டி:

எச்சரிக்கை: 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' (1962) முடிவு கீழே வருகிறது.

கண்காணிப்பு, ஷீல்ட் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம், படத்தின் பெயரே கேப்டனின் பழைய நண்பன் பக்கி பார்ன்ஸைப் பற்றியது. மூளைச்சலவை செய்யப்பட்டு விண்டர் சோல்ஜர் என்ற கொலையாளி ஆனவன் அவன்தான். என்னைக் கேட்டால் உண்மையான கடன் அங்கேதான் இருக்கிறது, ரூசோக்கள் பெயர் சொன்ன படங்களில் இல்லை. மஞ்சூரியன் கேண்டிடேட்டில் கொரியப் போரில் பிடிபட்ட ரேமண்ட் ஷாவை மூளைச்சலவை செய்து கொலைக் கருவியாகத் திருப்பி அனுப்புகிறார்கள். சீட்டுக்கட்டில் வைர ராணியைப் பார்த்ததும் சொன்னதைச் செய்வான். கயிற்றைப் பிடித்திருப்பது யார்? அவனுடைய அம்மா. ஆஞ்செலா லான்ஸ்பரி நடித்தார். மகனாக நடித்த லாரன்ஸ் ஹார்வியைவிட அவருக்கு மூன்றே வயதுதான் அதிகம், ஆனால் அந்தப் பார்வை ஒன்று போதும்!

2005-ல் எட் ப்ரூபேக்கர் காமிக்ஸில் பக்கியை விண்டர் சோல்ஜராகத் திருப்பிக் கொண்டுவந்தபோதும், 2016-ல் 'சிவில் வார்' ரஷ்யச் சொற்களை வரிசையாகச் சொல்லி அவனை முடுக்கிவிட்டபோதும், அந்த வைர ராணிதான் பின்னால் நிற்கிறாள். வேறுபாடு, செய்த கொலைக்கு யார் பொறுப்பு என்பதில். ரேமண்ட் தன் மனைவியையும் மாமனாரையும் தன் கையாலேயே சுட்டவன். கடைசியில் அம்மாவையும் மாற்றாந்தந்தையையும் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். படைத்தோழன் மார்கோ அவனைப் புகழ்ந்து பேசுவதுகூட அவன் செத்த பிறகுதான்.

பக்கிக்கு நண்பன் இருக்கிறான். ஆனால் சிவில் வாரில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கின் பெற்றோரைப் பக்கி கொன்ற 1991 டிசம்பர் 16 காணொளியை டோனியின் கண் முன்னே ஓடவிட்டார்கள். பக்கி தன் வசத்தில் இல்லை என்று கேப்டன் கத்துகிறார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவன் என் அம்மாவைக் கொன்றான் என்கிறார் டோனி. இரண்டு பேரும் சரி. அண்ணே, நீங்கள் கேட்ட, இரண்டு நல்லவர்கள் எதிரெதிரே நிற்கும் சண்டை இதுதான். இரண்டு வருடம் தள்ளி, வேறு படத்தில் வந்தது.

மீரா_எடிட்:

இதை ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கடைசிச் சண்டைக்கு வானத்திலிருந்து எதுவும் விழவில்லை, நகரம் எதுவும் இடியவில்லை. மூன்றே பேர், ஒரு சிமெண்ட் கூடம்.

நந்து_கே:

புதியவள், கொஞ்ச நாளாக வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். 2025-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்' பற்றி யாரும் ஏன் வாய் திறக்கவில்லை? அதுவும் சதித் திரில்லர் என்றுதானே விளம்பரம் செய்தார்கள். ஹாரிசன் ஃபோர்ட் ஜனாதிபதி, வெள்ளை மாளிகையில் கொலைமுயற்சி, மூளைச்சலவை, எல்லாமே இருந்தது.

பழையரீல்:

வாங்க நந்து. எல்லாமே இருந்தது, அதுதான் பிரச்சினை. ஐசையா பிராட்லி என்ற கதாபாத்திரத்தைப் பாருங்கள். அரசாங்கமே பரிசோதனைக்குப் பயன்படுத்தி, பிறகு முப்பது ஆண்டுகள் சிறையில் பூட்டிவைத்த கறுப்பின வீரர். அவரை வெள்ளை மாளிகைக்கு அழைக்கிறார்கள், ஒரு பழைய பாட்டு ஒலிக்கிறது, அவர் கை துப்பாக்கிக்குப் போகிறது. அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமெரிக்காவைச் சுட அந்த மனிதரிடம் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. அதைத் தொட்டாலே போதும், எழுபதுகளின் படம் தயார். ஆனால் சூத்திரதாரி யார்? ஜனாதிபதி மேல் தனிப்பட்ட வஞ்சம் வைத்த ஒரு விஞ்ஞானி. மன்னிப்பு தருவதாகச் சொல்லி ஏமாற்றினார், அதனால் பழிவாங்குகிறார். அமைப்பு செய்த அநியாயம் இரண்டு ஆட்களின் கொடுக்கல்வாங்கலாகச் சுருங்கிவிட்டது. முடிவில் ஜனாதிபதி சிவப்பு ஹல்க் ஆகி, பின் பதவி விலகி, தானே சிறைக்கும் போய்விடுகிறார். நிக்சனே இவ்வளவு ஒத்துழைக்கவில்லை.

சும்மாவந்தவன்:

இந்த இழையில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

மீரா_எடிட்:

விண்டர் சோல்ஜரின் முடிவுக்குத் திரும்பலாமா? காண்டோரோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ரெட்ஃபோர்ட் எல்லாவற்றையும் நியூயார்க் டைம்ஸிடம் சொல்லிவிட்டேன் என்கிறார். அவர்கள் அச்சிடுவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்கிறார். அந்தக் கேள்வியோடு படம் உறைந்து நிற்கிறது. 2014-ல் நட்டாஷா ஷீல்டின் ரகசியங்கள் அத்தனையையும் இணையத்தில் கொட்டிவிடுகிறாள். அச்சிடுவார்களா என்ற கேள்விக்கே இடமில்லை, கொட்டிய நிமிடமே ஊர் முழுக்கப் பரவுகிறது. உண்மை வெளியே வந்தால் போதும் என்ற நம்பிக்கை எழுபதுகளின் படத்துக்கே இல்லை, இந்தப் படத்துக்கு முழுதாக இருக்கிறது.

அதன்பிறகு வரும் விசாரணைக் காட்சிதான் எனக்கு உறுத்தல். நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்கிறது. நட்டாஷா சொல்வதன் சாரம்: என்னைச் சிறையில் போட மாட்டீர்கள், உலகம் ஆபத்தான இடம், அப்படி ஆனதில் எங்களுக்கும் பங்கு உண்டு, ஆனாலும் அதைக் காக்கத் தகுதியானவர்களும் நாங்களே, உங்களுக்கு நாங்கள் தேவை. சொல்லிவிட்டு எழுந்து போகிறாள், பின்னணி இசை அவள் பக்கம். பழையரீல் சார் முதலில் சொன்ன காண்டோர் அதிகாரியின் வாதம் இதுவேதான். அங்கே கேட்டபோது உடம்பு கூசியது, இங்கே விசில் அடிக்கச் சொல்கிறார்கள்.

எதிர்க்குரல்:

கேப்டன் ஷீல்டும் போகட்டும் என்று சொல்லி மொத்தத்தையும் இடித்ததை மறக்காதீர்கள். ஃபியூரி காப்பாற்றப் பார்த்தார், கேப்டன் விடவில்லை. இந்த அளவுக்குப் போன பெரிய பட்ஜெட் படம் வேறு எது?

பழையரீல்:

இடித்தார், ஒரு வருடத்துக்கு. 2015-ல் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' கடைசியில் ஃபியூரி பழைய பறக்கும் கப்பலோடு வந்து மக்களை ஏற்றுகிறார், நாம் எல்லோரும் கைதட்டினோம்.

இது தொடர்பாக ஒன்று. 2012-ல் 'தி அவெஞ்சர்ஸ்' எடுத்தபோது பெண்டகன் ஒத்துழைப்பு தராமல் விலகிக்கொண்டது. காரணம், இந்த ஷீல்ட் யாருக்குக் கட்டுப்பட்டது, அமெரிக்க ராணுவம் அதற்குக் கீழேயா மேலேயா என்று புரியவில்லையாம். படத்தில் யாருமே கேட்காத அரசியல் கேள்வியைக் கேட்டது பாதுகாப்புத் துறையின் சினிமாப் பிரிவு!

மீரா_எடிட்:

போகிறபோக்கில் ஒன்று, இதைத் தெரிந்தவர்கள் குறைவு. பாரலாக்ஸ் வியூவில் அந்தக் கொலை நிறுவனம் ஆள் எடுக்க ஒரு சோதனை வைக்கும். வாரன் பேட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, சில நிமிடங்கள் படங்களாகக் காட்டும். அன்பு, அம்மா, அப்பா, வீடு, எதிரி, மகிழ்ச்சி, நான் என்று சொற்கள், இடையிடையே புகைப்படங்கள், மைக்கேல் ஸ்மாலின் இசை. முதலில் சாந்தமாகப் போகும். போகப்போகப் படங்கள் இடம் மாறி, அம்மா இருந்த இடத்தில் துப்பாக்கி, வீடு இருந்த இடத்தில் பிணம் என்று குழம்பும். அந்தப் படங்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப வருவது ஜாக் கிர்பி வரைந்த மார்வெலின் தோர். 1974-ல் சதிப் படம்தான் சூப்பர்ஹீரோவைக் கடன் வாங்கியிருக்கிறது, அதுவும் கொலைகாரனைப் பொறுக்கி எடுக்கிற கருவியாக.

காமிக்ஸ்பெட்டி:

அக்கா, நிஜமாகவா? இத்தனை வருடம் கிர்பி பித்துப் பிடித்துத் திரிகிறேன், இது என் கண்ணில் படவே இல்லையே. இப்போதே போட்டுப் பார்க்கிறேன்.

சும்மாவந்தவன்:

அப்போ தோர்தான் முதல் ஹைட்ரா ஆள். இழையை மூடிவிடலாம்.

எதிர்க்குரல்:

மூடுவதற்கு முன் யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள். மொத்தத்தையும் இடித்த பெரிய பட்ஜெட் படம் இன்னொன்று கேட்டேன். 'வி ஃபார் வெண்டெட்டா' என்று சொல்லக் கூடாது, அதில் அரசாங்கம் ஆரம்பத்திலிருந்தே கொடுங்கோல்.